பகடை யாருக்கு

விளக்குப் போட்டுச் சற்று நேரம் ஆன பிறகுதான் அந்தச் சத்தம் ஜெசிந்தாவுக்குக் கேட்டது.

டப்.

கொஞ்சம் இடைவெளி. மறுபடி டப். டப்.

கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு வீட்டைக் கவனித்தாள். ரூத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். கணவன் ஷிஃப்டுக்குப் போயிருந்தான். குழாய் சொட்டவில்லை. எழுந்து போய் வாசல் கதவில் காதை வைத்துப் பார்த்தாள். யாரும் இல்லை.

எப்போதும் ஹெட்ஃபோனை ஒரு காதில் மட்டும்தான் மாட்டுவாள். இன்னொரு காது குழந்தைக்கு. சத்தம் கேட்டது மூடிய காதில் என்பது நின்று யோசித்த பிறகே உறைத்தது. அது வீட்டில் இல்லை. பதிவில் இருந்தது.

போன சனிக்கிழமை ஆடிய ஆட்டத்தின் பதிவு அது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதை வளர்க்கிற ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். அது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். அப்படி ஆடுவதையெல்லாம் ஒலிப்பதிவு செய்து, 'உருட்டு' என்ற பெயரில் பாட்காஸ்டாகப் போட்டுவந்தார்கள். கோயம்புத்தூரில் ஒரு மாடி அறையில் பேசுவதை ஈரோட்டிலும் யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் கேட்டார்கள். கேட்டவர்களில் சிலர் தங்கள் ஊரிலேயே மேசை போட ஆரம்பித்திருந்தார்கள்.

வழக்கமாகக் கதையை நடத்துவது மெஹருன்னிசா. கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவள். ஜெசிந்தாவைவிட வயதில் சின்னவள். எல்லாரும் அவளை 'மாஸ்டர்' என்று கேலியாகக் கூப்பிடுவார்கள். ஜெசிந்தா மட்டும் அதைக் கேலியாகச் சொன்னதில்லை. கதை நடத்தக் கற்றுக்கொள்ள அவளிடம்தான் வந்திருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை ஜெசிந்தா முதன்முதலாகத் தானே நடத்தினாள். மெஹர் வேண்டுமென்றே மாடிக்கு வரவில்லை.

"நான் இருந்தா எல்லாரும் என் மூஞ்சியவே பாப்பாங்க. நீங்க நடத்துங்கக்கா."

நடத்தினாள். நன்றாகவே நடத்தினாள் என்று நினைத்தாள். டியூப்லைட்டை அணைத்து, சின்ன விளக்கு ஒன்றை மட்டும் ஏற்றி வைத்தாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற சுகுணா, 'காரி' என்ற காவல்காரியாக ஆடினாள். சுகுணா அதிகம் பேசாதவள். காரியோ கோடாலியும் கையுமாகத் திரிகிறவள், யாருக்கும் பயப்படாதவள். கதையில் காரி ஒரு பாழடைந்த சத்திரத்து அறையில் தனியாகத் தங்கினாள். வெளியே ஒருவன் வந்து நின்றான்.

அவனுக்கு முரட்டுக் குரல் கொடுக்கலாம் என்றுதான் ஜெசிந்தா முதலில் நினைத்திருந்தாள். கடைசி நேரத்தில் மாற்றினாள். ரூத்துக்குச் சோறு ஊட்டும்போது கெஞ்சுகிற குரல் ஒன்று அவளிடம் இருந்தது. அதை எடுத்து அவனுக்குக் கொடுத்தாள்.

"கதவத் தொறம்மா. நாந்தானே."

"தாழ்ப்பாள் போடறேன்" என்றாள் சுகுணா.

"பகடை போடுங்க."

சின்ன எண் விழுந்தது.

"தாழ்ப்பாள் துருப்பிடிச்சிருக்கு. நகர மாட்டேங்குது" என்றாள் ஜெசிந்தா. பிறகு அதே குரலில், "தொறம்மா. உன்ன என்ன பண்ணிருவேன் நான்?"

அதற்குப் பிறகு சுகுணா நெடுநேரம் பேசவில்லை. கடைசியில் காரி கதவைத் திறந்தாள். சுகுணா அழுதாள். மேசையில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. ஆட்டத்தை அங்கே நிறுத்தியதும் கூட ஆடிய தினகர்தான் முதலில் கைதட்டினான். சுகுணா தன் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

'உருட்டு'வில் இதுவரை வந்ததிலேயே நல்ல எபிசோட் இதுதான் என்று எல்லாரும் சொன்னார்கள். ஜெசிந்தாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த நெடுநேர மௌனத்துக்கு நடுவில்தான் இந்த டப், டப். எந்த மென்பொருளைப் போட்டும் போகவில்லை. சத்தத்தை எடுத்தால் சுகுணாவின் மூச்சும் சேர்ந்து போய்விடுகிறது.

மறுநாள் சாயங்காலம் ரூத்தை அம்மா வீட்டில் விட்டுவிட்டு, ஆட்டம் நடக்கும் மெஹர் வீட்டு மாடி அறைக்குப் போனாள்.

"மாஸ்டர், ஒரு சத்தத்த எடுக்கணும். எப்படின்னு தெரியல."

மெஹர் ஹெட்ஃபோனை வாங்கிக் கேட்டாள். திரும்பவும் ஒருமுறை கேட்டாள்.

"என்ன சத்தம் இது?"

"தெரியல. டேபிள்ல எதோ."

"என்னன்னே தெரியாதத எடுக்கலாமுங்களா?"

ஜெசிந்தா சிரித்தாள். மெஹர் சிரிக்கவில்லை. மேசையைத் துடைத்து மைக்கை நடுவில் வைத்தாள்.

"அன்னைக்கி மேசைல என்னென்ன இருந்துச்சோ எல்லாத்தையும் வைங்க. அதது இருந்த இடத்துலயே."

ஜெசிந்தா வைத்தாள். பகடைகள். எவர்சில்வர் டம்ளர்கள். பென்சில். சத்திரத்தின் வரைபடம். முறுக்கு டப்பா.

"ஒவ்வொண்ணாத் தட்டுங்க."

பகடை கலகலவென்றது. அது இல்லை. டம்ளர் கணீரென்றது. அதுவும் இல்லை. பென்சில் மெலிந்து ஒலித்தது. டப்பாவின் சத்தம் உள்ளேயிருந்து வந்தது.

"இதுல எதுவும் இல்ல மாஸ்டர்."

"எல்லாத்தையும் வச்சிட்டீங்களா?"

ஜெசிந்தா மேசையைப் பார்த்தாள். பிறகு அலமாரியைப் பார்த்தாள். சிவப்பு அட்டை அங்கே இருந்தது.

உள்ளங்கை அளவில், லேமினேட் செய்த அட்டை. மெஹரின் மேசையில் அது இல்லாமல் ஆட்டம் தொடங்காது. ஆடுகிறவர்களில் யார் எப்போது வேண்டுமானாலும் அதைத் தொடலாம். தொட்டால் அந்தக் காட்சி அங்கேயே நிற்கும். கதை வேறு பக்கம் போகும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. கான்வென்ட் வகுப்பில் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட சிஸ்டரிடம் காரணம் சொல்லிப் பழகிய ஜெசிந்தாவுக்கு, முதல் நாள் இது விளங்கவே இல்லை. காரணம் சொல்லாமல் எப்படி நிறுத்தலாம் என்று மெஹரிடம் இரண்டு தடவை கேட்டிருந்தாள்.

அட்டையை எடுத்துவந்து மேசை நடுவில் வைத்தாள். விரலை நீட்டினாள். நகம் பட்டது.

டப்.

கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை.

"நான் பாக்கல மாஸ்டர்."

"எதப் பாத்துட்டிருந்தீங்க?"

"ரெக்கார்டர. சத்தம் ஏறுனா அதுல ஒரு கோடு ஏறும். சுகுணா மைக்குல அந்தக் கோடு திடீர் திடீர்னு குதிச்சுது."

"குதிச்சப்ப என்ன பண்ணீங்க?"

ஜெசிந்தா கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்த மைக்கக் கொறச்சு வச்சேன்."

மெஹர் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஜெசிந்தா குடித்தாள்.

"சுகுணாகிட்டக் கேட்டுட்டுப் போடலாமா? அவங்க சரின்னு சொன்னா?"

"அவங்க பதில் சொல்லியாச்சேக்கா. மூணு தடவ."

"தட்டற எடத்த மட்டும் வெட்டிட்டா?"

"வெட்டலாம். கேக்கறவங்களுக்குத் தெரியவே தெரியாது. ஈரோட்டுல மேசை போடறாங்களே அந்தப் பசங்க, அவங்க யாரப் பாத்துக் கத்துக்கறாங்க?"

"நம்மளத்தான்."

"ம்."

ஜெசிந்தா மடிக்கணினியைத் திறந்து பதிவை அழித்தாள். குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்தாள். மூடிய பிறகும் அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப சரியாயிருச்சா மாஸ்டர்?"

"பாட்காஸ்ட் சரியாயிருச்சு."

"அப்புறம்?"

"காரி இன்னும் அந்த ரூம்லதான இருக்கா. கதவு தொறந்து கெடக்கு. வாசல்ல ஒருத்தன் நிக்கறான்."

ஜெசிந்தாவின் கண் நிறைந்தது.

"நான் இப்பவே போயி மன்னிப்புக் கேக்கறேன். அவங்களுக்கு என்ன நடந்துச்சு, ஏன் அழுதாங்கன்னு..."

"மன்னிப்புக் கேளுங்க. ஏன்னு கேக்காதீங்க."

"தெரிஞ்சாத்தான மாஸ்டர் அடுத்த தடவ ஜாக்கிரதையா இருக்க முடியும்?"

"கேட்டா அவங்க பதில் சொல்லணும். அப்புறம் அந்த அட்டை எதுக்குங்க?"

அன்று இரவு ஆடுகிறவர்களின் வாட்ஸப் குழுவில் ஜெசிந்தா இரண்டே வரி எழுதினாள். இந்த வார எபிசோட் வராது. நான் சரியாக நடத்தவில்லை. உடனே தினகர் போன் செய்துவிட்டான். ஆட்டத்தில் திருடனாக ஆடுகிறவன். வெளியே பாட்காஸ்ட் கேட்பவர்களின் குழுவைப் பார்த்துக்கொள்கிறவன்.

"எக்கா, என்ன வெளையாடறீங்களா?"

"இல்லப்பா."

"எபிசோட் எப்பன்னு கேட்டுக் குரூப்புல என்னயக் கிழிச்சுத் தொங்கவிடறாங்க. போஸ்டரெல்லாம் ரெடி பண்ணி வச்சிருக்கேன். சத்திரம், இருட்டு, கதவு, பிச்சு எடுத்திருக்கேன்."

"அத வேற எதுக்காச்சும் வச்சுக்கலாம்."

"சும்மா அடக்கம் காட்டாதீங்க. அந்தக் கொரல் எங்கிருந்து புடிச்சீங்க? எனக்கே சிலுத்துப்போச்சு. சுகுணாக்கா என்ன நடிப்பு. நெஜமா அழுத மாதிரியே இருந்துச்சு."

ஜெசிந்தா பதில் சொல்லவில்லை.

தினகரின் வீட்டுத் தொலைக்காட்சி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"எக்கா" என்றான் கடைசியில். "நாந்தான மொதல்ல கைதட்டினேன்?"

"எல்லாருந்தாம்பா."

மறுநாள் மருந்துக்கடைக்குப் போனாள். கூட்டம் இருந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து கேட்டு நாலு பேர் நின்றார்கள். அவர்கள் போகும்வரை ஜெசிந்தா ஓரமாக நின்றாள். சுகுணா அவளைப் பார்த்தாள். பார்க்காததுபோல் ஒரு பெட்டியை எடுத்து அடுக்கினாள்.

"நீங்க அட்டையத் தொட்டீங்க. நான் பாக்கல" என்றாள் ஜெசிந்தா. "பதிவ அழிச்சிட்டேன். யார்கிட்டயும் இல்ல. என்னய மன்னிச்சிருங்க."

சுகுணாவின் கை பெட்டிமேல் நின்றது.

"ஏன்னு கேக்கலியா?"

"இல்ல."

சுகுணா பெட்டியை அலமாரியில் வைத்தாள். அடுத்ததை எடுக்கவில்லை.

"சனிக்கிழம ஆட்டம் இருக்கு. மைக் கிடையாது. வரணும்னு ஒண்ணும் இல்ல. வந்தாலும் அந்த ரூம்லருந்து ஆரம்பிக்கணும்னு இல்ல. காரி எங்க இருக்கணும்னு நீங்களே சொல்லலாம்."

"யாரு நடத்தறா? மெஹரா?"

"நீங்க சொல்றவங்க."

சுகுணா யோசித்தாள். ஒருவர் இருமல் மருந்து கேட்டு வந்தார். எடுத்துக் கொடுத்து, எப்படிக் குடிக்க வேண்டும் என்று நிதானமாகச் சொல்லி அனுப்பினாள். பிறகு அடுத்த பெட்டியை எடுத்து அடுக்கத் தொடங்கினாள்.

சனிக்கிழமை ஜெசிந்தா எல்லாருக்கும் முன்னால் வந்தாள். டியூப்லைட்டைப் போட்டாள். மைக் கம்பிகளைச் சுருட்டி அலமாரிக்குள் வைத்தாள். மெஹர் வந்து சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். மேசைக்கு வரவில்லை.

"மாஸ்டர், அவங்க வந்தா நான் என்ன சொல்லணும்?"

"வாங்கன்னு சொல்லுங்க."

"வரலைன்னா?"

மெஹர் ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

தினகர் வந்தான். வழக்கமான கேலி எதுவும் இல்லாமல் உட்கார்ந்தான். ஆட்டம் தொடங்கும் நேரம் தாண்டியது. முறுக்கு டப்பாவை யாரும் திறக்கவில்லை. கதை நடத்தும் ஆசையே தனக்கு வந்திருக்கக் கூடாது என்று ஜெசிந்தா நினைத்துக்கொண்டிருந்தபோது, படியில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது.

சுகுணா உள்ளே வந்து, படிக்கட்டுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"வாங்க" என்றாள் ஜெசிந்தா.

"நீங்களே நடத்துங்க" என்றாள் சுகுணா. "அந்த ரூம்லருந்தே."

ஜெசிந்தா திரும்பி மெஹரைப் பார்த்தாள். மெஹர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்திரத்து ரூம்" என்று ஜெசிந்தா தொடங்கினாள். கண்ணை சுகுணாவின் கையிலிருந்து எடுக்கவில்லை. "காரி அறைக்குள்ள நிக்கறா. கதவு தொறந்திருக்கு. அவன் வாசல்ல நிக்கறான். இன்னும் உள்ள கால் வைக்கல. அவன் பேசமாட்டான். காரி என்ன பண்றா?"

சுகுணா சிவப்பு அட்டையைப் பார்த்தாள். அதைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். தொட்டதாக எடுத்துக்கொள்வதா என்று ஜெசிந்தா நிறுத்தினாள். சுகுணா இல்லை என்று தலையசைத்தாள்.

"கதவச் சாத்தறா" என்றாள்.

"சாத்திட்டா."

"தாழ்ப்பாள் போடறா."

தினகரின் கை பழக்கத்தில் பகடையை எடுத்து சுகுணாவின் பக்கம் தள்ளியது. தள்ளிய பிறகு அவனே திகைத்துப்போய்க் கையை இழுத்துக்கொண்டான். பகடை அவளுக்கு முன்னால் கிடந்தது. சுகுணா அதை எடுக்கவில்லை. பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள்.

ஜெசிந்தாவுக்கு விதி தெரியும். சந்தேகமான காரியம் எதுவானாலும் பகடை போட வேண்டும். துருப்பிடித்த தாழ்ப்பாள் என்று சொன்னவளும் அவள்தான். இந்த மேசையில் சொன்ன சொல்லை மாற்றுவதில்லை.

"மாஸ்டர்" என்றாள், திரும்பாமலே. "இதுக்குப் பகடை யாரு போடணும்?"

மெஹர் ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"உள்ள வரணும்னு நிக்கறவன்."

அவனாகப் பேசியவள் ஜெசிந்தாதான். கையை நீட்டி, சுகுணாவின் முன்னாலிருந்த பகடையை எடுத்தாள். உருட்டவில்லை. பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

"தாழ்ப்பாள் விழுந்திருச்சு, சுகுணா" என்றாள். "உள்ளருந்து."