நூறு ரூபாயும் ஒரு கையெழுத்தும்

நிலக்கோட்டையில் மாலை கட்டி விற்கிற காளீஸ்வரி நாலு பேர் முன்னால் வாய் திறப்பதே அபூர்வம். அவள் புருஷன் தவசி, கல்யாணத்துக்கு முன்னாடி கோயம்புத்தூர் மில்லில் இருந்தபோது கிரெடிட் கார்டு வாங்கிச் செலவழித்திருந்தான். மில்லை மூடியதும் கட்ட முடியவில்லை. பதினாலு வருஷமாக யாரும் கேட்கவும் இல்லை. திடீரென்று ஒருநாள் வசூல்காரர் கதிரேசன் வந்து தெருவே கேட்கக் கத்தினார்.

"வட்டியோட மூணு லட்சம்! கேஸ் போட்டு வீட்டை எடுக்கவா?"

தவசி வீட்டைத் திரும்பிப் பார்த்தான். இருப்பது அந்த ஓட்டு வீடு ஒன்றுதான்.

கதிரேசன் குரலை இறக்கினார். "பாவமா இருக்குப்பா. இப்போதைக்கு நூறு ரூபாய் குடுத்து, 'மீதியைக் கட்டுறேன்'னு இதுல ஒரு கையெழுத்துப் போடு. போயிடுறேன்."

தவசி பேனாவை வாங்கிவிட்டான். காளீஸ்வரி பூக்கட்டுவதை நிறுத்தினாள். கல்யாண மாலைக்கு அவளும் அச்சாரம் வாங்குகிறவள்தான். வாங்காதவரைக்கும் அது வெறும் பேச்சு. வாங்கிவிட்டால் கட்டிக் கொடுத்தே ஆகவேண்டும்.

"சார், கேஸ் போட முடியும்னா எங்க கையெழுத்து எதுக்கு?"

"அது... சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா."

"நூறு என்ன, ஐநூறே தர்றேன். 'கடன் அம்புட்டும் தீர்ந்துச்சு'ன்னு நீங்க கையெழுத்துப் போடுங்க."

"அதெப்படிம்மா நான் போடுறது?"

"அப்ப இது அச்சாரம் சார். செத்த கடனுக்கு உசுரு குடுக்க எங்ககிட்டயே அச்சாரம் கேக்குறீங்க."

வேடிக்கை பார்த்த தெரு சிரித்தது. மூணு வருஷம் தாண்டிய கடனுக்குக் கேஸ் போட முடியாது, கட்டுவதாகப் புதுசாக எழுதி வாங்கினால்தான் முடியும் என்பது கதிரேசனுக்குத் தெரியும். தாளை மடித்துப் பையில் வைத்தார். வெயிலில் அலைந்து அவர் முகம் வாடியிருந்ததை அப்போதுதான் பார்த்த காளீஸ்வரி, சொம்பை நீட்டினாள்.

"தண்ணி குடிச்சிட்டுப் போங்க சார். இதுக்குக் கையெழுத்து வேண்டாம்."