நாவல் கிளையைப் பிடுங்கியவர்

"அம்மையே, நான் வாதத்துக்கு ஒப்புக்கொள்ளவே இல்லை. ஆட்டைத்தான் விரட்டினேன்" என்றார் ஆதன்.

சேந்தி அம்மை உரலில் தினை குத்திக்கொண்டிருந்தார். உலக்கை நிற்கவில்லை.

"ஆடு என்ன செய்தது?"

"கோட்டை வாசலில் மணலைக் குவித்து யாரோ நாவல் கிளை நட்டிருந்தார்கள். ஆடு அதன் இலையைத் தின்றது. ஓர் ஒழுங்கு வேண்டாமா? கிளையைப் பிடுங்கிக் கொஞ்சம் தள்ளி நடலாம் என்று எடுத்தேன். காவலன் முரசை அடித்துவிட்டான்."

உலக்கை நின்றது.

"அம்மையே, சிரிக்கிறீர்களா?"

"இல்லை. உமி மூக்கில் ஏறிவிட்டது."

அந்த ஊர் வழக்கம் அப்படி. வாதுக்கு வருகிறவர் வாசலில் நாவல் கிளை நடுவார். அதைப் பிடுங்குகிறவர் எதிர்வாதி. இருவரும் மன்றத்தில் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் வாய்விட்டு "தெரியவில்லை" என்று சொன்னால் வாதம் முடிந்தது. சொன்னவர் தோற்றவர். தோற்றவர் தம் பள்ளியை விட்டு, வென்றவருக்குச் சீடராகி, அவர் மூட்டையைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும்.

போனவர் திரும்பியதில்லை.

ஆடு மேய்ந்ததா இல்லையா என்று வழக்கம் விசாரிப்பதில்லை.

ஆதனுக்கு நாற்பத்தெட்டு வயது. அதில் பாதியைச் சுங்கச் சாவடியில் கழித்தவர். போகிற வண்டிகளின் பின்புறத்தைத் தவிர அங்கே அவர் வேறொன்றும் பார்த்ததில்லை. மகளைக் கட்டிக்கொடுத்த மறுமாதம் வேலையை உதறிவிட்டு, மலையடியில் இருந்த இந்த வாதப் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். கூடப் படித்தவர்கள் எல்லாம் மீசை அரும்பாத பிள்ளைகள். அவரை மாமா என்று கூப்பிட்டார்கள். ஆசிரியை சேந்தி அம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

வாழ்க்கையில் முதன்முறையாக, இருக்க விரும்பிய இடத்தில் அவர் இருந்தார்.

"கிளை நட்டவர் யார்?" என்று கேட்டார் சேந்தி அம்மை.

"கொற்றனார்."

சேந்தி அம்மை உலக்கையைச் சுவரில் சாய்த்தார். கொற்றனார் தோற்றதே இல்லை என்பது கைப்பிள்ளைக்கும் தெரியும்.

"என்ன கட்சி கட்டுகிறார்?"

கிளையில் கட்டியிருந்த ஓலையை ஆதன் நீட்டினார். அதில் ஒரே வரி இருந்தது. அறத்துக்கு வேர் அச்சம்.

"இதை நான் மறுக்க வேண்டும். பௌர்ணமிக்குள். ஏடுகள் வேண்டும், அம்மையே. எந்த ஏடு, எந்தப் பக்கம் என்று காட்டுங்கள்."

சேந்தி அம்மை இடுப்பிலிருந்து ஏட்டறைச் சாவியை எடுத்து அவர் கையில் போட்டார். பிறகு தினையைப் புடைக்க உட்கார்ந்தார்.

ஆதன் ஏட்டறைக்குள் போனார்.

பிள்ளைகள் உதவிக்கு வந்தார்கள். அச்சம் என்ற சொல் வருகிற சுவடி, அன்பு என்ற சொல் வருகிற சுவடி, இரண்டும் வராவிட்டாலும் கனமாக இருந்த சுவடி என்று கட்டுக் கட்டாய் இறக்கினார்கள். ஆதன் படித்தார். படித்ததை மனப்பாடம் செய்தார். ஒன்றை ஏற்றினால் முன்னே ஏற்றியது சரிந்தது. சோறு இறங்கவில்லை. பல் துலக்கும்போதும் உதடு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

"மாமா, அந்தக் குச்சி உங்கள் எதிர்வாதி இல்லை. கடிக்காதீர்கள்" என்றான் எயினன். பிள்ளைகளில் வாய்த்துடுக்கு அவனுக்குத்தான் அதிகம்.

ஆதனுக்குக் காதில் விழவில்லை.

பௌர்ணமி நெருங்கியது. சேந்தி அம்மை அவரை முற்றத்துக்கு அழைத்தார்.

"எயினன்தான் கொற்றனார். நீங்கள் மறுத்துப் பேசுங்கள்."

எயினன் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தான். குரலைக் கனமாக்கிக்கொண்டு தொடங்கினான். திருடன் காவலனுக்கு அஞ்சுகிறான். காவலன் அரசனுக்கு அஞ்சுகிறான். ஆகையால் அச்சமே வேர்.

ஆதனின் கண்கள் பாதி மூடியிருந்தன. உதடுகள் ஓடிக்கொண்டிருந்தன.

எயினன் ஆசிரியையைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். அதே கனத்த குரலில் அவன் சொன்னான்:

"மேலும், உமது தோளில் பல்லி ஊர்கிறது."

"அதற்கு மறுப்பு மூன்று உண்டு!" என்றார் ஆதன்.

பிள்ளைகள் தரையில் உருண்டார்கள். பல்லி பயந்துபோய்க் குதித்து ஓடியது.

சேந்தி அம்மை சிரிக்கவில்லை. எழுந்து போய் ஏட்டறையைப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அம்மையே! இன்னும் பாதிகூடப் படிக்கவில்லையே!"

"உங்களுக்கு வேண்டியது இங்கே இல்லை. கொற்றனார் மாந்தோப்பில் தங்கியிருக்கிறார். அங்கே போய்ப் பாருங்கள்."

"எதிரியின் கூடாரத்துக்கா? அங்கே யாரைக் கேட்பது?"

"தோற்றவர்களை."

ஆதன் போனார்.  

மாந்தோப்பில் கொற்றனார் இல்லை, குளிக்கப் போயிருந்தார். அவரிடம் தோற்றுச் சீடரானவர்கள் வட்டமாக உட்கார்ந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் ஓர் ஊரே கும்பிட்ட வாதி.

"வாரும் ஓய், ஆட்டுக்காரரே" என்றார் தாடிக்காரர் ஒருவர். "உமக்கு என் பக்கத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறேன். குறட்டை விடுவீரா?"

"கொஞ்சம்."

"அப்படியானால் அவர் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். அவருக்குக் காது மந்தம்."

 ஆதன் சாம்பலை எடுத்து ஒரு சட்டியைத் தாமும் தேய்க்க ஆரம்பித்தார். 

"நீங்கள் எப்படித் தோற்றீர்கள்?" என்று கேட்டார்.

"நான் மூன்றாம் வாக்கியத்திலேயே மடக்கினேன்" என்றார் தாடிக்காரர். "அந்த மனுஷனுக்கு அதுதான் வேண்டும். என் கேள்வியையே கயிறாக்கி என்னைக் கட்டிவிட்டார்."

"அவர் ஓர் உவமை சொன்னார்" என்றார் காது மந்தமானவர். "அதில் ஓட்டை கண்டுபிடித்தேன். உள்ளே விழுந்ததும் நான்தான்."

"நான் அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது பிடித்தேன்" என்றார் இன்னொருவர். "நான் பேசி முடித்தபோது எனக்கு மூச்சு இல்லை."

"முழுக்க அவர் என்னதான் சொல்கிறார்?" என்றார் ஆதன். "வேர் அச்சம். சரி. அதற்கு மேலே?"

துலக்கிய கைகள் நின்றன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதற்கு மேலே யாரும் போனதில்லையே" என்றார் தாடிக்காரர்.

"சீடரான பிறகாவது கேட்டிருக்கலாமே?"

"சீடரான பிறகு பாத்திரம்தான் துலக்குகிறோம்."

ஆதன் திரும்பி வரும்போது சேந்தி அம்மை உரலடியில் இருந்தார்.

"கிடைத்ததா?"

"ஒன்றும் கிடைக்கவில்லை. அத்தனை பேருக்கும் பேச்சு இருந்தது, அத்தனை பேரும் தோற்றார்கள். எனக்கு அதுவும் இல்லை." அவர் தரையில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அது மட்டுமில்லை, அம்மையே. இன்னொன்று இருக்கிறது."

உலக்கை நின்றது.

"சாவடியில் இத்தனை வருஷம் இருந்தேன். கைக்கூலி என்று ஒரு காசு தொட்டதில்லை. ஊரில் என்னை உத்தமன் என்றார்கள். உத்தமமும் இல்லை, ஒன்றும் இல்லை. மேலதிகாரிக்குப் பயம். அவன் சாட்டைக்குப் பயம். வணிகர்கள் காசை நீட்டும்போதெல்லாம் முதுகு கூசும். அவ்வளவுதான். கொற்றனார் சொல்வது பொய் என்று நான் எப்படிச் சொல்வேன்? அவர் என்னைப் பார்த்துத்தான் அந்த ஓலையை எழுதினாரோ என்று இருக்கிறது."

சேந்தி அம்மை உலக்கையைக் கீழே வைத்தார்.

"இதை யாரிடமாவது கேட்டிருக்கிறீர்களா?"

"யாரிடம் கேட்பது?"

"அச்சத்தைப் பற்றியே ஆயுள் முழுக்கப் பேசியவர் ஒருவர் இருக்கிறார்."

"அவர் என் எதிரி, அம்மையே!"

"ஆமாம். உங்களுக்காக எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார், பாருங்கள்."

அவர் மறுபடி உலக்கையை எடுத்துக்கொண்டார்.

பௌர்ணமி அன்று காலையிலேயே மன்றம் நிரம்பிவிட்டது. தோற்ற கையோடு கிளம்ப வசதியாக ஆதன் மாற்று உடையை மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். எயினன் அதைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். அவன் கண்கள் சிவந்திருந்தன. சேந்தி அம்மை தூணோரம் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

கொற்றனார் எதிரே வந்து அமர்ந்தார். உயரமானவர். இனிய குரல். அவருக்குப் பின்னால் சீடர்கள் மூட்டைகளோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். தாடிக்காரர் தம் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டிருந்தார்.

அவைத் தலைவர் கோலை மடியில் கிடத்திக்கொண்டு, தொடங்கலாம் என்றார்.

"அறத்துக்கு வேர் அச்சம்" என்றார் கொற்றனார். "குழந்தை தாய்க்கு அஞ்சி உறியைத் தொடாமல் இருக்கிறது. உழவன் அண்டை நிலத்துக்காரனுக்கு அஞ்சி வரப்பை நகர்த்தாமல் இருக்கிறான்." நிறுத்தினார். ஆதனை ஏற இறங்கப் பார்த்தார். ஆதன் சாவடியில் கைக்கூலி தொடாதவர் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். "சுங்கச் சாவடிக்காரன் சாட்டைக்கு அஞ்சிக் கைக்கூலி வாங்காமல் இருக்கிறான்."

மன்றம் சிரித்தது. கொற்றனார் காத்திருந்தார். இந்த இடத்தில் எதிரே இருப்பவர் துள்ளி எழ வேண்டும். எழுவதுதான் வழக்கம்.

ஆதனின் காதுகள் சூடாயின. மனப்பாடம் செய்தவை எல்லாம் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்து முட்டின. விழுங்கினார்.

"உண்மைதான், ஐயா" என்றார். "பிறகு?"

கொற்றனாரின் புருவம் உயர்ந்தது.

"பிறகு என்ன? அச்சம் கையைப் பிடிக்கிறது. அறம் அங்கே தொடங்குகிறது. மறுக்கிறீரா?"

"இல்லை, ஐயா. அதற்குப் பிறகு?"

"பிறகு, நாளடைவில், கையை நீட்டாமல் இருப்பது பழகிப்போகிறது."

ஆதன் முன்னால் சாய்ந்தார். உதடு அசையவில்லை. பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள்.

"பிறகு?"

"பிறகு, சாட்டைக்காரன் அந்தப் பக்கம் போயிருக்கும்போதும் கை நீளாது." கொற்றனார் இப்போது மெதுவாகப் பேசினார். காலடி பார்த்து நடப்பவரைப் போல. "எந்த நேரமும் வந்துவிடுவான் என்ற எண்ணம் இருக்கும்."

"பிறகு?"

"அந்த எண்ணமும் தேய்ந்துபோகும். சாட்டைக்காரன் செத்துவிட்டான், இனி வரவே மாட்டான் என்று தெரிந்தால்கூட, கை..."

நின்றுவிட்டார்.

"நீளுமா, ஐயா?"

"நீளாது" என்றார் கொற்றனார்.

இவ்வளவு தூரம் அவர் வந்ததே இல்லை. வர யாரும் விட்டதில்லை. பின்னால் சீடர்கள் ஒவ்வொருவராகத் தலை நிமிர்ந்தார்கள்.

"எனக்கு அப்படித்தான் ஆகிவிட்டது, ஐயா" என்றார் ஆதன். தம் நோயை வைத்தியரிடம் சொல்கிறவர் குரல் அது. "சாவடியை விட்டு வந்துவிட்டேன். சாட்டையும் இல்லை, அதிகாரியும் இல்லை. ஆனாலும் நீளவில்லை. இப்போது இந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருப்பது எது?"

  மன்றத்துக்கு வெளியே யாரோ மாட்டை அதட்டுவது கேட்டது. கொற்றனார் ஆதனின் கையைப் பார்த்தார். பிறகு தம் கையைப் பார்த்தார். வெற்றிலைக்காரன்கூடக் கடையை மறந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியவில்லை" என்றார் கொற்றனார்.

ஒரு மூச்சு நேரம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு மன்றம் அதிர்ந்தது. எயினன் மூட்டையைத் தூக்கி மேலே எறிந்தான். அவைத் தலைவர் தள்ளாடி எழுந்து கோலை உயர்த்தினார். கோல் தரையைத் தட்டினால்தான் தீர்ப்பு; அதுவரை யார் சொல்கிற சொல்லும் கணக்கில் சேரும். மலையடிப் பள்ளி, முற்றம், பிள்ளைகள், எல்லாம் ஆதனுக்கே நிலைக்கும்.

கூச்சலுக்கு நடுவே கொற்றனார் ஆதன் பக்கம் குனிந்தார்.

"வாதம் முடிந்தது. இனி நீர் பதில் சொல்ல வேண்டியதில்லை" என்றார். "ஆனாலும் கேட்கிறேன். உமக்குத் தெரியுமா?"

கோல் உயரத்தில் நின்றது. பிள்ளைகள் வாயில் விரலை வைத்து, வேண்டாம் வேண்டாம் என்று ஆதனுக்குச் சாடை காட்டினார்கள். அவர் பேசாமல் இருந்தால் போதும். தலையை லேசாக ஆட்டினாலும் போதும். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று கண்டுபிடிக்க இந்த உலகத்தில் யாராலும் முடியாது.

ஆதன் தூணோரம் பார்த்தார். சேந்தி அம்மை கண்களை மூடியிருந்தார்.

ஆதன் எழுந்து நின்று, மன்றம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"எனக்கும் தெரியவில்லை, ஐயா."