கீழே என்பது எது வரைக்கும்

அந்த மலைமேல் மடத்தில் ஒரே ஒரு சொல்லுக்குத்தான் ஓயாத வேலை. கீழே.

ஊர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், கீழே என்பார்கள். பெண்டாட்டி பிள்ளை, கடை கண்ணி, கல்யாணம் கருமாதி எல்லாமே கீழே. ஒருவன் சத்தமாகச் சிரித்தால், "என்ன, கீழே ஞாபகமா?" குழம்பில் உப்பு கூடினால், "கீழே இருக்கிறவன் நாக்குக்குல்ல வெச்சிருக்கான்." மடத்தை விட்டு யாராவது ஓடிப்போனால் அவன் பேரைக்கூட எடுக்க மாட்டார்கள். "அவனா? கீழே" என்பதோடு சரி.

ஆனாலும் மாசிலாமணி சொன்ன மாதிரி அந்தச் சொல்லை அங்கே வேறு யாரும் சொன்னதில்லை. எச்சில் துப்புகிற மாதிரி சொல்வார்.

ஒரு காலத்தில் அரிசி ஆலையில் மேஸ்திரியாக இருந்தவர். தலை நரைத்த பிறகு மேலே வந்தார். கீழே இறங்குவதில்லை என்று சத்தியம் செய்து, வெள்ளை வேட்டியோடு வருஷக்கணக்காகக் காத்திருந்தார். அந்த வைகாசியில் அவருக்குக் காவி கொடுப்பதாக இருந்தது. இறங்கினவனுக்குக் காவி கிடையாது. காவி கட்டினவனே இறங்கினாலும் அதோடு சரி, மறுபடி மேலே ஏற முடியாது. மடத்தின் கட்டு அப்படி.

சித்திரைக் கடைசியில் ஒரு நாள், அரிசி சுமந்து வரும் பொட்டியம்மாள் மூட்டையை இறக்கிவிட்டு அவரைத் தேடி வந்தாள்.

"சாமி, உங்க மக வடிவு வந்திருக்கு. பாதி மலையில, மண்டபத்துல உக்காந்திருக்கு."

மடத்துக்காரர்களைப் பார்க்க வரும் உறவினர் மண்டபத்தைத் தாண்டி ஏறுவதில்லை.

"அரிசி கொண்டாந்தா அரிசியை மட்டும் இறக்கு" என்றார் மாசிலாமணி.

"சேதி அரிசியை விடக் கனமா இருந்துது சாமி. வழியில வைக்க இடம் தெரியல. உங்க வீட்டுக்காரம்மா இழுத்துக்கிட்டுக் கெடக்காங்களாம். ஒரு தடவை முகத்தைக் காட்டிட்டுப் போயிடுங்கன்னு அந்தப் புள்ள அழுவுது."

பெண்டாட்டி பேர் செங்கமலம். அவர் மலையேறிய அன்று அவள் தடுக்கவில்லை. வழிக்குப் புளிச்சோறு கட்டிக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அது ஞாபகம் வந்த கையோடு வைகாசியும் ஞாபகம் வந்தது.

ஆவுடைச் சாமியிடம் போனார். மடத்துக்குத் தலைவர் அவர்தான். மாசிலாமணியை விட வயதில் இளையவர். மீசை அரும்புமுன்னே சடை வளர்க்கத் தொடங்கியவர். கொல்லையில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"சாமி, ஒரு சந்தேகம். கீழே கீழேன்னு சொல்றோமே, அது எங்கே ஆரம்பிக்குது?"

"ஏன், இப்ப என்ன வந்துது?"

"மண்டபம் மேலேயா, கீழேயா?"

சாமி அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்தார்.

"உங்களுக்கு எதுவா இருந்தா வசதி?"

மாசிலாமணி விஷயத்தைச் சொன்னார். சொல்லச் சொல்லவே உள்ளே வேறொன்று ஓடிற்று. மண்டபம் மேலே என்றால் மகளைப் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்தால் அழுவாள். அழுதால் கூடவே இறங்க வேண்டியிருக்கும்.

"கீழேதான் சாமி" என்று தானே சொல்லிக்கொண்டார். "மண்டபமும் கீழேதான்."

"முடிவாவா?"

"முடிவாத்தான்."

"சரி. பொண்ணு சாப்பிட்டாளா?"

"தெரியலை சாமி."

சாமி எழுந்து கை கழுவினார். மந்தார இலையில் சோறு கட்டிக்கொண்டு படி இறங்கினார். கொடுத்துவிட்டுத் திரும்புவார் என்றுதான் மற்றவர்கள் பாறை விளிம்பில் நின்று பார்த்தார்கள். வடிவு சாப்பிட்டு முடித்தாள். பிறகு இரண்டு பேரும் எழுந்து, மண்டபத்தைத் தாண்டி, ஊர்ப் பக்கம் நடந்தார்கள். காவி வேட்டி மரங்களுக்குள் மறைந்தது.

"சாமியே..." என்று ஆரம்பித்த ஒருவன் மிச்சத்தை முழுங்கிவிட்டான்.

மாசிலாமணி அன்றிலிருந்து ஜபத்தைக் கூட்டினார், சாப்பாட்டைக் குறைத்தார். சாமியே சறுக்கிவிட்டார், நான் சறுக்கவில்லை என்று நினைத்தபோது, பொய் சொல்லக் கூடாது, கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது.

வைகாசி பிறந்து இருபது நாள் ஆயிற்று. பொட்டியம்மாள் மூட்டையை இறக்கினாள். அவரைப் பார்க்காமலே சொன்னாள்.

"பெரிய சாமி மண்டபத்துல இருக்காரு. உங்களை வரச் சொன்னாரு. அது உங்களுக்குக் கீழேயோ என்னவோ, எனக்குத் தெரியாது."

மாசிலாமணி போனார். மண்டபத்துக்கு மேல் படி வரைக்கும் வந்து நின்றுகொண்டார். உள்ளே கால் வைக்கவில்லை.

சாமி தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சடையைக் காணோம். தலை மழித்திருந்தது. இடுப்பில் நாலு முழ வெள்ளை வேட்டி.

"சாமி, சடை?"

"கொள்ளி வெச்சவனுக்குச் சடை எதுக்கு? உங்களுக்குப் பையன் இல்லை. புருஷன் உசிரோட இருக்கையில நாங்க வைக்க மாட்டோம்னு பங்காளிங்க ஒதுங்கிட்டாங்க. உங்க பேரைச் சொல்லி நான் வெச்சேன். கருமாதியும் முடிச்சாச்சு."

படியில் நின்றபடியே மாசிலாமணி கேட்டார்.

"அவளுக்கு நெனவு இருந்துதா?"

"இருந்துது. கண்ணுதான் போயிடுச்சு. என் கையைத் தடவிப் பாத்துட்டு, வந்துட்டீங்களான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வந்துட்டேன்னு சொன்னேன்."

"வடிவு... என்னைப் பத்தி ஏதாவது?"

"ஒண்ணும் கேக்கலை."

சாமி எழுந்தார். மண்டபத்துக்குள் நின்றபடியே கையை நீட்டி, மடித்த காவி வேட்டியை மாசிலாமணியின் காலடியில் வைத்தார்.

"துவைச்சுதான் வெச்சிருக்கேன். இனிமே மடத்தையும் நீங்கதான் பாத்துக்கணும்."

"எனக்கு வேண்டாம் சாமி."

"வேற யாருக்குக் குடுக்க? மூத்தவர் நீங்க. சத்தியத்தையும் கெடுத்துக்கலை."

மாசிலாமணிக்குக் காவியைத் தாண்டிப் போய்ச் சாமியின் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஒரு காலைத் தூக்கினார்.

"பாத்து" என்றார் சாமி. "அடுத்த படி கீழே."