மூன்று பேர் படித்த இயற்பியல்

மாசிலாமணிக்கு இயற்பியல் புத்தகத்தைத் திறந்தாலே பயம். பொதுத்தேர்வில் கோட்டை விட்டாயிற்று. துணைத்தேர்விலும் விட்டால் மாமாவின் செங்கல் சூளைதான் என்று அப்பா சொல்லியிருந்தார். டுட்டோரியல் விடுதியில் அவனோடு தங்கியிருந்த இருதயராஜுக்கும் சடையப்பனுக்கும் அதே பாடம், அதே கதி. அறிவிலும் மூவருக்குள் ஏற்றத்தாழ்வு கிடையாது.

அவர்களுக்குத் தைரியம் சொல்ல ஓர் ஆலோசகர் வந்தார். "பயத்தை உள்ளேயே பூட்டி வைக்காதீங்க, வெளியே அனுப்புங்க. மனசை ஒருமுகப்படுத்துங்க. பாடத்துல மூழ்கிடுங்க. கேள்வித்தாளைப் பார்த்துப் பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு, பொன்னாடையை வாங்கிக்கொண்டு போனார்.

அன்றே அறைக்கதவை அகலத் திறந்து வைத்தார்கள். பயம் போனதாகத் தெரியவில்லை. ஒரு நாய் வந்தது.

"பயம் போய் இடம் காலியாச்சு, அதான் நாய் வந்திருக்கு" என்று விளக்கினான் சடையப்பன். நாய் உறுமியது. மூவரும் வெளியே ஓட, நாய் பாயில் படுத்துக்கொண்டது.

ஒருவழியாக அது கிளம்பியதும் இருதயராஜ் கேட்டான், "ஒருமுகம்னாரு. இங்கே மூணு முகம் இருக்கே?"

யோசித்துத் தீர்மானித்தார்கள்: ஒருவன் படிக்க, மற்ற இருவரும் முகத்தைத் துண்டால் மூடிக்கொள்வது. மூடிக்கொண்டவர்கள் நன்றாகத் தூங்கினார்கள்.

மறுநாள் மாசிலாமணி புத்தகத்தோடு கிணற்றில் மூழ்கினான்.

"புரிஞ்சுதா?" என்றான் மேலேயிருந்த சடையப்பன்.

"எல்லாமே கலங்கலா இருக்கு. கஷ்டமான பாடம்தான்."

ஊறிக் கூழான பக்கங்களை இருதயராஜ் பக்தியோடு பார்த்தான். "எங்க வாத்தியார் கரைச்சுக் குடிக்கச் சொல்வாரு. பாதி வேலை முடிஞ்சிருச்சு."

மூன்று டம்ளரில் பங்கு போட்டுக் குடித்தார்கள். இரண்டு நாள் யாரும் கழிவறையை விட்டு வரவில்லை.

தேர்வறையில் மூவரும் கேள்வித்தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிம்மதியாக எழுத ஆரம்பித்தார்கள். பார்த்தால்தானே பயம். மின்விசிறிக் காற்றில் மாசிலாமணியின் தாள் மட்டும் புரண்டுவிட்டது. வேறு வழியில்லாமல், பயந்துகொண்டே கேள்விக்கேற்ற பதிலை எழுதினான்.

முடிவு வந்தது. அவன் மட்டும் தேறியிருந்தான்.

தேறாத இருவரையும் டுட்டோரியல் முதல்வர் தட்டிக்கொடுத்தார். "தோல்விதான்பா வெற்றிக்கு முதல் படி."

"போன தடவை முதல் படி. அப்போ நாங்க ரெண்டாவது படிக்கு வந்துட்டோம்" என்றான் சடையப்பன்.

இருதயராஜ் மாசிலாமணியின் தோளில் கை போட்டான். "நீதான்டா பாவம், முதல் படியிலேயே நின்னுட்டே. மனசைத் தளரவிடாதே."

மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே அலுவலகத்துக்குப் போனான். மதிப்பெண் குறையவும் வாய்ப்புண்டா என்று நன்றாக விசாரித்த பிறகு, மறுகூட்டலுக்கு விண்ணப்பித்தான்.