மட்டியூர்க் களஞ்சியத்துக்கு மறுதொடக்க விழா

மட்டியூர் மின்னூலகத்தை மூன்று பேர் நிர்வகித்து வந்தார்கள். தலைவர் ஞானசிகாமணி, செயலர் அறிவுடைநம்பி, உறுப்பினர் தணிகாசலம். மூவரும் மூளையைத் தேயவிடாமல் புத்தம் புதிதாகவே வைத்திருந்தவர்கள்.

ஊராரின் ஒலிப்பதிவு, படம், ஆய்வேடு எல்லாம் அங்கே ஒரே ஒரு கணினிப் பெட்டிக்குள் இருந்தன. தெருவில் கூவி விற்பவர்களின் குரல்களை வருடக்கணக்காக அலைந்து பதிவு செய்த மரகதவல்லியும் அதில்தான் போட்டு வைத்திருந்தாள். அவளுடைய மடிக்கணினி போன வாரம் செத்துப்போய்விட்டது. முனைவர் பட்டத்துக்கு நாளை வாய்மொழித் தேர்வு. பெட்டி போனால் பட்டமும் போச்சு.

அன்றைக்குப் பார்த்து மென்பொருள்காரர்களிடமிருந்து அறிவிப்பு வந்தது. செயலர் உரக்க வாசித்தார்.

"திறந்த மூல மென்பொருளான நம் களஞ்சியத்துக்குப் பராமரிப்புப் புதுப்பிப்பு வந்துள்ளது. சில பூச்சிகள் நீக்கப்பட்டுள்ளன. முதலில் களஞ்சியத்தை நகல் எடுக்கவும். அடுத்து, பழையதை நீக்கவும். பிறகு மறுதொடக்கம் செய்யவும்."

தலைவரின் முகம் சிவந்தது. அவருக்கு அந்த உபத்திரவம் வெகுநாளாக உண்டு.

"என் மூலத்தைப் பத்தி இவங்களுக்கு யாருய்யா சொன்னது?"

"உங்களோடது உள்மூலம் தலைவரே. இது திறந்த மூலம். வேற யாருக்கோ" என்றார் தணிகாசலம்.

தலைவர் சமாதானமானார். பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினார்கள். பூச்சி எதுவும் விழவில்லை. சொன்னபடியே நீக்கிவிட்டார்கள் என்று மென்பொருள்காரர்களை மெச்சிக்கொண்டார்கள்.

அடுத்தது நகல். பெட்டியை ஜெராக்ஸ் கடைக்குத் தூக்கிப்போய்க் கண்ணாடிமேல் படுக்க வைத்தார்கள். ஒரு பக்கம் போதும் என்றார் செயலர்.

"ஆதார் கார்டுக்கே முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும் கேக்குறான். இது களஞ்சியம்யா" என்றார் தலைவர்.

இரண்டு பக்கமும் எடுத்தார்கள். நகல் பத்திரமாகக் கையில் இருந்ததால், பழையதை அந்த வழியாக வந்த பழைய இரும்பு வண்டியில் ஏற்றி நீக்கினார்கள்.

மரகதவல்லி வந்தபோது பெட்டி இருந்த இடம் வெறுமையாக இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கு உலகமே இருண்டது. இந்த மூன்று மண்டூகங்களை நம்பினோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அப்போது எங்கோ தொலைவில், "பழைய இரும்பு, ஈயம், பித்தளேய்" என்று கேட்டது. அவள் பதிவு செய்திருந்த குரல்களில் அதுவும் ஒன்று. எந்தத் தெரு, எந்தத் திருப்பம் என்று காதுக்கே தெரிந்தது. ஓடிப்போய் வண்டிக்காரரிடம் கெஞ்சிப் பெட்டியை மீட்டு வந்தாள்.

நூலகத்தில் மறுதொடக்கம் நடந்துகொண்டிருந்தது. குத்துவிளக்கு எரிந்தது. ஜெராக்ஸ் தாளுக்கு மாலை போட்டுத் தலைவர் ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தார். அவள் ஒரு மூலையில் பெட்டியை மாட்டி, தன் பதிவுகள் அத்தனையையும் பென்டிரைவில் ஏற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அப்புறம்தான் மூச்சு வந்தது. சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பெட்டியிலேயே ஒரு பதிவை ஓடவிட்டாள்.

"பழைய இரும்பு, ஈயம், பித்தளேய்."

மூவரும் நிமிர்ந்தார்கள். தலைவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"நீக்கினது திரும்பி வந்திருக்கு. நல்லவேளை, அவரும் வந்துட்டாரு. சீக்கிரம் தூக்குங்கய்யா."

வயர் பிடுங்கிக்கொள்ள, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூவரும் தெருவுக்கு ஓடினார்கள். குரல் நின்றுவிட்டது. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்கள்.

"அதுக்குள்ள போயிட்டாரே" என்றார் தலைவர். "மறுபடி கூப்பிடுற வரைக்கும் யாரும் இதைக் கீழ வைக்காதீங்க."