தூவி வாங்காத சுள்ளி

ஒரு பெரிய ஏரி. அதன் நடுவே, முழங்கால் தண்ணீரில் கருவேல மரங்கள் நின்றன. ஐப்பசி பிறந்தால் போதும், நாரையும் கொக்கும் கூழைக்கடாவும் எங்கிருந்தெல்லாமோ வந்து அந்த மரங்களில் குடியேறிவிடும். இரைச்சலுக்கும் நாற்றத்துக்கும் குறைவில்லை. ஆனாலும் அந்தப் பறவைகளுக்கு அதைவிட நல்ல ஊர் தெரியாது.

அங்கே கல்யாணம் மிக எளிது. ஒரு பறவை அலகில் ஒரு சுள்ளியை நீட்டும். மற்றது அதை வாங்கி மரக்கவட்டில் வைக்கும். அவ்வளவுதான், கல்யாணம் முடிந்தது. அந்தக் கிளை அன்று முதல் அந்த இருவருக்குச் சொந்தம். கல்யாணம் ஆகாதவர்களுக்குக் கிளை கிடையாது, அவர்கள் கரையில்தான் படுக்க வேண்டும். கரைக்கு நரி வரும்.

செவ்விறகியும் நெடியாளும் நாரைகள். இரண்டு பேரும் பெண். பல மழைக்காலமாக ஒன்றாக மீன் பிடித்து, ஒன்றாகக் கரையில் படுத்தார்கள். ஒருத்தி தூங்கினால் மற்றவள் நரிக்குக் காவல் இருப்பாள். அந்த வருஷம் காவலையும் மீறி நரி வந்து நெடியாளின் காலைக் கவ்விவிட்டது. செவ்விறகி அதன் கண்ணைக் குறிவைத்துக் கொத்தப் போனாள். நரி விட்டுவிட்டு ஓடியது. நெடியாள் பிழைத்தாள், ஆனால் கால் நொண்டியாகிவிட்டது. இன்னொரு தடவை நரி வந்தால் அவள் எழுந்து பறப்பதற்குள் கதை முடிந்துவிடும்.

அதனால் செவ்விறகி ஏரித் தலைவரிடம் போனாள். தலைவர் பெரும்பையார் ஒரு கூழைக்கடா. நியாயமானவர், கொஞ்சம் தூங்குமூஞ்சி. யார் எதைச் சொன்னாலும் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வார். தனக்கும் நெடியாளுக்கும் ஊரறியக் கல்யாணம் செய்துவைத்து ஒரு கிளை தர வேண்டும் என்று செவ்விறகி கேட்டாள்.

அன்று பறவைகள் எல்லாம் அங்கே கூடியிருந்தன. அன்றைக்கு வேறொரு கல்யாணம் இருந்தது. மணப்பெண் தூவி என்ற சாம்பல் நாரை. மாப்பிள்ளை தெற்கு மடையை வளைத்து வைத்திருந்த ஒரு கிழட்டு நாரை. மடைக்காரர் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். மடையில் மீன் தானாக வந்து விழும். அந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவர் தூவியின் தாய்மாமன் கழுத்தர். யார் வீட்டு விஷயமானாலும் தன் நீளக் கழுத்தை நுழைக்காமல் அவருக்குப் பொழுது போகாது.

பெரும்பையார் வாயைத் திறப்பதற்குள் கழுத்தர் முன்னால் வந்துவிட்டார்.

"தலைவரே, இன்னைக்கு ரெண்டு பொண்ணுக்குத் தலையாட்டினீங்கன்னா, நாளைக்கு ஒருத்தன் கல்லைக் கட்டிக்கிறேன்னு வருவான். அடுத்தவன் முட்டையைக் கட்டிக்கிறேம்பான். அப்புறம் குஞ்சையே கேப்பானுங்க. அப்போ என்ன பண்ணுவீங்க?"

கூட்டம் கதிகலங்கிப் போனது. தாய்ப் பறவைகள் குஞ்சுகளை இறகுக்குள் இழுத்துக்கொண்டன. அதுவரை கல்லைக் கட்டிக்கொள்வதைப் பற்றி அந்த ஏரியில் யாரும் நினைத்ததே இல்லை. கழுத்தர் சொன்ன பிறகோ, மாலையும் கழுத்துமாக ஒரு கல் வாசலில் வந்து நிற்பதுபோலவே எல்லோருக்கும் பட்டது.

பெரும்பையார் நெடுநேரம் யோசித்தார். தூங்கிவிட்டாரோ என்று பக்கத்தில் இருந்த கொக்கு எட்டிப் பார்த்தது. பிறகு அவர், "ஒரு கல்லைக் கொண்டாங்க" என்றார்.

வாத்து ஒன்று கரையிலிருந்து ஒரு கல்லை உருட்டிக்கொண்டு வந்தது. சுள்ளியை நீட்டுமாறு பெரும்பையார் கழுத்தரிடமே சொன்னார். ஊரே பார்க்கிறது. வேறு வழியில்லாமல் கழுத்தை வளைத்துக் கல்லின் முன் சுள்ளியை நீட்டிக்கொண்டு நின்றார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார்கள். கல் வாங்கவில்லை. சுள்ளி நழுவித் தண்ணீரில் விழுந்தது. மீன்கொத்திக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்து முட்டை. முட்டையும் சும்மா கிடந்தது.

கழுத்தர் விடவில்லை. வாய் பிளந்து கத்திக்கொண்டிருந்த ஒரு கொக்குக் குஞ்சிடம் போய்ச் சுள்ளியை நீட்டினார். குஞ்சு லபக்கென்று பிடித்துக்கொண்டது. "வாங்கிடுச்சு பாத்தீங்களா!" என்று அவர் கூவினார். கூட்டம் மறுபடியும் பயந்துவிட்டது.

நெடியாள் நொண்டிக்கொண்டே முன்னால் வந்தாள். குஞ்சின் வாயிலிருந்து சுள்ளியைப் பதமாக எடுத்துவிட்டு ஒரு காய்ந்த சருகை நீட்டினாள். குஞ்சு அதையும் கவ்வியது. பிறகு தன் அடிபட்ட காலை நீட்டினாள். குஞ்சு அதற்கும் வாயைத் திறந்தது.

"இது பசிங்கய்யா, சம்மதம் இல்ல" என்றாள். "என்னன்னு தெரிஞ்சு வாங்கணும். பிடிக்கலைன்னா வாயை மூடிக்கவும் தெரியணும். இந்தப் புள்ளைக்கு ரெண்டும் தெரியாது. அதனாலதான் இது முன்னாடி யாருமே சுள்ளி நீட்டக்கூடாது."

தாய்க்கொக்கு தன் குஞ்சை வாரி அணைத்துக்கொண்டு, நன்றியோடு அவளைப் பார்த்தது.

பெரும்பையாருக்கு இப்போது விஷயம் தெளிவாகிவிட்டது. நீட்டுகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் மனம் இருக்கிறதா என்பது ஒன்றுதான் கேள்வி, ஆணா பெண்ணா என்று எந்த மரக்கவடும் இதுவரை கேட்டதில்லை என்றார். செவ்விறகியை நீட்டச் சொன்னார்.

செவ்விறகி நீட்டினாள். நெடியாள் சுள்ளியை வாங்கி, நொண்டிக் காலை ஊன்றி எம்பி, தன் அலகாலேயே கவட்டில் வைத்தாள். ஏரி முழுக்க இறக்கை அடித்த சத்தம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. செவ்விறகி அழுதுவிட்டாள்.

கழுத்தர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அடுத்த கல்யாணத்தைப் பார்ப்போம் என்றார். மடைக்காரர் சுள்ளியை எடுத்தார். பெண் கூச்சப்படுவாள் என்று அவளுக்குப் பதிலாகத் தாய்மாமன் வாங்கி வைக்கிற வழக்கம் சாம்பல் நாரைகளிடம் எப்போதோ நுழைந்திருந்தது. அந்த வழக்கப்படி மடைக்காரர் கழுத்தரைப் பார்த்து நீட்டினார். கழுத்தரும் கழுத்தை நீட்டினார்.

"மாமா" என்றாள் தூவி. அன்று அவள் பேசிய முதல் வார்த்தை அது. "கல்லுக்குக்கூட நேராத்தானே நீட்டினீங்க. எனக்கு நீட்ட வேண்டாமா?"

பெரும்பையாரின் தூக்கம் எல்லாம் எங்கோ போய்விட்டது. பெண்ணிடமே நீட்டுங்கள் என்றார். மடைக்காரர் திரும்பி அவளிடம் நீட்டினார்.

தூவி சுள்ளியைப் பார்த்தாள். பிறகு அலகை இறுக மூடிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள். வாங்கவில்லை.

"வெக்கம், வேற ஒண்ணுமில்ல" என்று கழுத்தர் அவசரமாகச் சொன்னார்.

"கல்லும்தான் வாங்கல. அதை யாரும் வெக்கம்னு சொல்லலையே" என்றார் பெரும்பையார்.

மடைக்காரர் கெட்டவர் இல்லை. ஒரு பெண்ணிடம் கேட்க வேண்டும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. சுள்ளியைக் கிளையில் போட்டுவிட்டு, இஷ்டமில்லாமல் தனக்கும் வேண்டாம் என்று சொல்லிப் பறந்துபோனார். கழுத்தர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். மற்றவர்கள் எங்கே சறுக்கி விழுவார்களோ என்று ஊரெல்லாம் கவலைப்பட்டவர் அவர். பள்ளம் அவர் வீட்டிலேயே இருந்தது. ஆண், பெண், முகூர்த்தம் எல்லாம் சரியாக இருந்தும், பெண்ணைக் கேட்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த இறகோடு தூவி செவ்விறகியின் கூட்டுக்கு வந்தாள். அவள் அலகில் ஒரு சுள்ளி இருந்தது.

"நேத்து நான் வாங்காத சுள்ளி இது. உங்க கூட்டுல வெச்சுக்குங்க. நீங்க உங்களுக்காகக் கேக்கலைன்னா, என்னை யாரும் கேட்டிருக்கவே மாட்டாங்க."

நெடியாள் அதை வாங்கி, காற்று புகுந்த இடத்தில் செருகினாள். அந்த ஓட்டை அடைபட்டது. பிறகு அவள் நகர்ந்து இடம் விட்டாள். தூவிக்குத் தனக்கென்று ஒரு கிளை கிடைக்கும்வரை இந்தக் கிளையிலேயே இருக்கலாம் என்று இருவரும் சொன்னார்கள். கரையில் நரி மேலே பார்த்துக்கொண்டே இங்கும் அங்கும் நடந்தது. மூன்று பேரும் ஒட்டி உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மனமறிந்து சொல்லும் சம்மதம்தான் கல்யாணத்துக்கு வேலி. அது இருக்கும்போது எந்தச் சரிவுக்கும் பயப்பட வேண்டாம், அந்த வேலியைக் கேட்டு வாங்கித் தந்தவர்களுக்கு நன்றி சொல்ல மட்டும் மறக்க வேண்டாம்.