பால் வழிந்த பக்கம்

கேளுங்கள் பெரியவர்களே, கேளுங்கள் பிள்ளைகளே! எந்தக் காலத்துக் கதை என்று கேட்காதீர்கள். நம் ஊரில் முதல் கரும்பு நட்டவனுக்கும் முந்தைய கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். பொங்கல் வந்தால் எல்லாருக்கும் நாக்கில் இனிப்பு ஊறும். எனக்கோ இந்தக் கதைதான் நினைவுக்கு வரும்.

வேங்கை நாடு என்று ஒரு நாடு. கடம்பராயன் என்று ஓர் அரசன். அவனுக்குப் பெருந்தேவி என்று ஓர் அரசி. தைப்பொங்கல் அன்று அரண்மனை வாசலில் மூன்று கல் வைத்து அடுப்புக் கூட்டி, மஞ்சள் கொத்து கட்டிய புதுப்பானையை அரசிதான் ஏற்றுவாள். ஊரே கூடி நிற்கும். பால் பொங்கி எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்க்கும்.

நம் வீடுகளிலும் பார்க்கிறோமே, அதே வழக்கம்தான். பார்த்துவிட்டு, நல்லது நடக்கும் என்று மகிழ்ந்து நாம் சாப்பிட உட்காருகிறோம். கடம்பராயனோ, "பால் வழியும் திசையில் படை போகவேண்டும். இது சூரிய பகவானின் கட்டளை" என்று சொல்லிவிட்டான்.

ஒரு பொங்கலுக்குப் பால் கிழக்கே வழிந்தது. படை கிழக்கே போனது. கடற்கரை ஊர்கள் எரிந்தன. அரசனுக்கு முத்து வந்தது. போன பிள்ளைகள் பலர் வரவில்லை.

அடுத்த பொங்கலுக்குப் பால் தெற்கே வழிந்தது. படை தெற்கே போனது. மலையடிவாரத்து ஊர்கள் எரிந்தன. அரசனுக்குத் தந்தம் வந்தது. போன பிள்ளைகள் பலர் வரவில்லை. அரசியின் சொந்தத் தம்பியும் வரவில்லை.

பெற்றவர்கள் அழுதார்கள். ஆனால் அரசனை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாமி சொல்லி நடந்ததற்கு யாரிடம் போய் முறையிடுவது? அரசியும் அழுதுவிட்டு, அந்த அடுப்பையே கும்பிட்டாள்.

மூன்றாம் பொங்கல் வந்தது. வேங்கை நாட்டுக்கு வடக்கே கன்னல் நாடு. அந்த நாட்டார்தான் வருஷம் தவறாமல் வண்டி கட்டிக்கொண்டு வந்து, இவர்கள் பொங்கலுக்கு வெல்லம் கொடுப்பார்கள். பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து, கூடவே நின்று "பொங்கலோ பொங்கல்" என்று கூவிவிட்டுப் போவார்கள். அந்த வருஷமும் வந்திருந்தார்கள்.

விடியற்காலையில் அரசி கோலம் போட வந்தாள். அடுப்பருகே அரசன் மண்டியிட்டிருந்தான். எவ்வளவு பக்தி என்று அவளுக்கு மனம் நெகிழ்ந்தது. இன்னும் கொஞ்சம் கிட்டே போனாள்.

அவன் கும்பிடவில்லை ஐயா! வடக்குக் கல்லுக்கு அடியில் கையால் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தான். கல் தாழ்ந்தால் பானை சாயும். பானை சாய்ந்தால் பால் அந்தப் பக்கம்தானே வழியும்?

அரசிக்குக் கை கால் ஓடவில்லை. எனக்கு மட்டும் ஓடுகிறதா? வெல்லம் கொண்டுவந்தவன் குடியைக் கெடுக்க, அந்த வெல்லம் வேகிற பானையையே சாய்ப்பதா? அதற்குச் சூரியன் பெயரைச் சொல்வதா? அடப்பாவி! இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா?

அவள் ஓசைப்படாமல் திரும்பி நடந்தாள். யாருக்கும் தெரியாமல் கல்லைச் சரிசெய்துவிட்டால் இந்த வருஷம் தப்பிக்கலாம். அடுத்த வருஷம்? அரசன் ஏமாற்றுகிறான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? சொன்னவள் தலை கழுத்தில் நிற்குமா? எல்லாவற்றையும் யோசித்தாள். பயந்தாள். பயந்துகொண்டே ஒரு முடிவுக்கு வந்தாள்.

சூரியன் எழுந்தது. ஊர் கூடியது. அரசி பானையை ஏற்றினாள். பால் பொங்கி வடக்கே வழிந்தது. கன்னல் நாட்டார் தங்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். போர்முரசு அடிக்கத் தளபதி கையை உயர்த்தினான்.

"பொறுங்கள்" என்றாள் அரசி. "இன்னொரு பானை வைக்கிறேன்."

"ஒரு பானைதானே வழக்கம்?" என்றான் அரசன்.

"பிள்ளைகள் உயிர் சம்பந்தப்பட்ட காரியம், அரசே. பகவானை இன்னொரு தரம் கேட்போம்."

எல்லாரும் பார்க்க, வடக்குக் கல்லின் பள்ளத்தை மூடினாள். தெற்குக் கல்லுக்கு அடியில் பறித்தாள். பானையை ஏற்றினாள். பால் தெற்கே வழிந்தது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

தெற்குப் பள்ளத்தையும் மூடினாள். மூன்று கல்லையும் சமமாக வைத்தாள். மூன்றாவது பானையை ஏற்றினாள். பால் பொங்கிச் சுற்றிலும் வழிந்து, அடுப்பையே அணைத்துவிட்டது.

"வடக்குப் பள்ளத்தை நான் பறிக்கவில்லை" என்றாள் அரசி. "பறித்தவர் நகக்கண்ணில் இன்னும் மண் இருக்கும், பாருங்கள்."

கடம்பராயன் சட்டென்று கைகளைப் பட்டுக்குள் மறைத்தான். ஊர் முழுவதும் அதைப் பார்த்துவிட்டது.

கூட்டத்திலிருந்து காத்தாயி என்ற குயவர் வீட்டுப் பெண் முன்னே வந்தாள். அணைந்த அடுப்பையே வெறித்துப் பார்த்தாள்.

"மூத்தவன் கெழக்க போனான். இளையவன் தெக்க போனான். சாமி கூப்புட்டுச்சுன்னு நானே நெத்தியில திருநீறு பூசி அனுப்புனேன். இந்தக் குழிக்குள்ளதானா ராசா எம்புள்ளைங்க ரெண்டு பேரும் போனாங்க?"

"இவர்களைப் பிடியுங்கள்!" என்று கத்தினான் அரசன். தளபதி அசையவில்லை. அவன் வீட்டிலும் ஒரு பிள்ளை திரும்பி வந்திருக்கவில்லை. இடுப்பு வாளை அவிழ்த்துத் தரையில் வைத்தான். பின்னால் நின்ற வீரர்களும் ஒவ்வொருவராக வைத்தார்கள்.

அரசன் மண்டியிட்டான். "சூரிய பகவானே, என்னை மன்னித்துவிடு" என்று கும்பிட்டான்.

"அவரு எதுக்கு ராசா மன்னிக்கணும்?" என்றாள் காத்தாயி. "அவரா புள்ளையப் பறிகொடுத்தாரு?"

கடம்பராயனால் தலை நிமிர முடியவில்லை. அன்றோடு அவன் பேச்சுக்கு அந்த நாட்டில் ஒரு முரசும் ஒலிக்கவில்லை.

ஆகையால் கேளுங்கள்: தன் பேராசையைச் சாமியின் கட்டளை என்று சொல்லி ஊரை நம்பவைப்பதைவிடப் பெரிய பாவம் கிடையாது.